இயந்திரப் பொறியியலில் மேற்படிப்பு: வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் கிளிநொச்சியில் உயர்தரம் படித்தேன், இலங்கையிலேயே இயந்திரப் பொறியியல் பட்டம் எடுத்தேன், பிறகு ஜேர்மனியில் மாஸ்டர்ஸ் முடித்தேன். அமெரிக்கா பற்றி எழுதுவதெல்லாம் என்னோடு படித்தவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பக் கூட இருந்ததில் தெரிந்துகொண்டது.

எப்போது தொடங்க வேண்டும்?

போகிற நாளுக்கு ஒன்றரை வருடம் முன்னால். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓகஸ்ட், செப்டெம்பரில் தொடங்கும் வகுப்புக்கு அதற்கு முந்தின டிசம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், ஜேர்மனியில் ஒக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு ஜூலை 15 என்பது பொதுவான கடைசித் தேதி, ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடங்களில் மார்ச்சிலோ மேயிலோ முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாடநெறியின் பக்கத்திலும் போய் உங்களுக்குரிய தேதி எது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டுரை எழுதுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை, கடதாசிகளுக்குத்தான் தேவை. கொழும்பில் இருக்கிற பிள்ளை மத்தியானம் போய் எடுத்து வருகிற பத்திரத்துக்கு, நாங்கள் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, வரிசையில் நின்று, "ஐயா லீவு, அடுத்த கிழமை வாங்கோ" என்று கேட்டுத் திரும்பி வருகிறோம். என் முதல் வருட விண்ணப்பத்தில் ஒன்று அப்படித்தான் போனது. முத்திரையிட்ட ட்ரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம்) கேட்டுப் பணமும் கட்டியிருந்தேன், கையொப்பம் வைக்கிறவர் இல்லையென்று 5 கிழமை ஆகிவிட்டது, அது கைக்கு வந்தபோது கடைசித் தேதி கடந்து 9 நாள். ஒரு வருடம் போன கவலை இன்னும் இருக்கிறது, அதனால்தான் இதை முதலாவதாக எழுதுகிறேன். இறுதிப் பெறுபேறு வந்த கிழமையே ட்ரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிக் கொடுங்கள், ஒன்று கேட்காதீர்கள், ஐந்து கேளுங்கள்.

என் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பிரச்சினையா?

ஆம், இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், சில இடத்தில் முதலெழுத்தாக மட்டும் நிற்கும். ஒரு தம்பியின் கடதாசிகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன்: அப்பா பெயர் பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் தவராசா, உயர்தரச் சான்றிதழில் தவராஜா, கடவுச்சீட்டில் தேவராஜா. எங்களுக்கு அது ஒரே ஆள் என்று தெரியும், ஆங்கில எழுத்தில் பார்க்கிற அலுவலருக்கு மூன்று ஆட்கள்.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துதான் இனி உங்கள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். (ஆங்கிலப் பரீட்சை), ஜி.ஆர்.ஈ. (மேற்படிப்புக்கான பொதுப் பரீட்சை) பதிவு, விண்ணப்பப் படிவம், சிபாரிசுக் கடிதம் எல்லாம் அதே எழுத்தில். பரீட்சைக்குப் பதியும்போது முதலெழுத்தை மட்டும் போடாதீர்கள், கடவுச்சீட்டோடு பொருந்தாவிட்டால் பரீட்சை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். மற்றப் பத்திரங்களில் உள்ள வித்தியாசத்துக்கு, இத்தனை பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து ஆங்கிலத்தில் வைத்திருங்கள். இன்னும் கடவுச்சீட்டு எடுக்காதவர் என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு, வவுனியாவில் இருக்கிற குடிவரவு குடியகல்வு அலுவலகத்தில் விண்ணப்பிக்க முன்னால் பட்டச் சான்றிதழில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து அதே மாதிரி கொடுங்கள். குடும்பப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடாதீர்கள், பெயர் முழுவதும் ஒரே பெட்டிக்குள் போனால் பிறகு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாதவர் என்று பதிந்துவிடுவார்கள்.

2009 போரில் எல்லாச் சான்றிதழும் போய்விட்டது. திரும்ப எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை உங்கள் பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தில் கேளுங்கள், திகதியும் பதிவு இலக்கமும் தெரிந்தால் வேலை சுலபம், தெரியாவிட்டால் தேடிப் பார்க்கச் சொல்லித் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையம் மூலமே கேட்கலாம். தமிழில் உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். வெளிநாட்டமைச்சின் உறுதிப்படுத்தல் கேட்டால் கொழும்புக்கு ஓட வேண்டாம், யாழ்ப்பாணத்தில் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது.

போரால் படிப்பில் ஓரிரு வருடம் இடைவெளி விழுந்தவர்கள் அதை மறைக்க வேண்டாம், இடம்பெயர்ந்திருந்தேன், பாடசாலை நடக்கவில்லை என்று ஒரே வசனத்தில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

என் ஜி.பி.ஏ. (பட்டத்தின் சராசரிப் புள்ளி) 3.0 தான். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். பல அமெரிக்கப் பட்டதாரிப் பள்ளிகள் 4க்கு 3.0 என்பதைத்தான் குறைந்தபட்சமாகப் போட்டிருக்கும். அதற்கு மேலே வந்ததும் அவர்கள் பார்ப்பது எந்தப் பாடத்தில் என்ன எடுத்தீர்கள் என்பது. முதல் வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை விளங்காமல் விழுந்து, மூன்றாம் நான்காம் வருடத்தில் வெப்ப இயக்கவியலிலும் பாய்மப் பொறியியலிலும் ஏ எடுத்த ஆளை நான் பயப்படாமல் அனுப்புவேன், ஏனென்றால் அந்த ஏறுமுகம் ட்ரான்ஸ்கிரிப்டிலேயே தெரியும்.

ஜேர்மனியில் கணக்கே வேறு. உங்கள் ஜி.பி.ஏ.யை அவர்களுடைய 1 முதல் 4 வரையான அளவுக்கு மாற்றுவார்கள், அங்கே 1 தான் மிகச் சிறந்தது. அதிகபட்சத்திலிருந்து உங்கள் ஜி.பி.ஏ.யைக் கழித்து, வருவதை அதிகபட்சத்துக்கும் சித்திக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 4.0, சித்தி 2.0, உங்களுடையது 3.4 என்றால் 0.6ஐ 2ஆல் வகுக்க 0.3, மூன்றால் பெருக்க 0.9, ஒன்று கூட்ட 1.9. பல பாடநெறிகள் 2.5க்குள் கேட்பதால் இது நல்ல நிலை. 4.2 அளவில் புள்ளி போடுகிற இடத்தில் படித்தவர்கள் 4.0 போட்டுக் கணக்குப் பார்த்து ஏமாறக் கூடாது, உங்களுக்கு அதிகபட்சம் 4.2.

இன்னொன்று, ஜேர்மனியில் புள்ளியை விடப் பாடப் பொருத்தத்தில்தான் நம்மவர்கள் அதிகம் நிராகரிக்கப்படுகிறார்கள். கணிதம் இத்தனை, இயக்கவியல் இத்தனை, பொருளியல்புகள் இத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்திருப்பார்கள். உங்கள் பீடத்தின் பாடத்திட்டக் கையேட்டை முழுவதும் எடுத்து, எந்தப் பாடம் எத்தனை மணித்தியாலம் என்று அட்டவணை போட்டு அனுப்புங்கள். இந்த வேலைக்கு இரண்டு நாள் போகும், போகட்டும்.

என் பட்டத்தை வெளிநாட்டில் ஏற்பார்களா?

நான்கு வருடப் பொறியியல் பட்டம் என்றால் பொதுவாக ஏற்பார்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் முழு உறுப்பினரானது, அதன் அங்கீகாரம் பெற்ற பட்டங்களுக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. உங்கள் பாடநெறியும் நீங்கள் படித்த ஆண்டும் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பீடத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் படித்தவர்களும் கேட்கிறார்கள்: நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் நிலை, அதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், ஆனால் கணிதமும் இயக்கவியலும் குறைவாக இருந்தால் உற்பத்திப் பொறியியல், சக்தி முறைமைகள் போன்ற பாடநெறிகள் உங்களுக்கு அதிகம் பொருந்தும். உயர் தேசிய டிப்ளோமா மட்டும் வைத்திருப்பவர் முதலில் இளமாணிப் பட்டமாக அதை நிரப்ப வேண்டும்.

ஜி.ஆர்.ஈ. எழுத வேண்டுமா?

ஜேர்மனிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அமெரிக்காவில் நிறைய இயந்திரப் பொறியியல் துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன, சில இன்னும் கேட்கின்றன. 2023 செப்டெம்பரிலிருந்து பரீட்சை 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது, பெறுபேறு 5 வருடம் செல்லும். கணிதப் பகுதி 130 முதல் 170 வரை, எங்கள் உயர்தரக் கணிதப் பிள்ளைகளுக்கு அதில் 165க்கு மேல் எடுப்பது கடினமில்லை. ஜி.பி.ஏ. குறைந்தவர்களுக்கு அது கைகொடுக்கும், கூடியவர்கள் அந்தக் காசை விண்ணப்பக் கட்டணத்துக்கு வையுங்கள்.

ஆங்கிலம்?

ஐ.ஈ.எல்.ரி.எஸ்.இல் 6.5 என்பது பல இடங்களின் வாசல், பெறுபேறு 2 வருடம்தான் செல்லும். வாசிப்பும் கேட்டலும் பயிற்சியில் ஏறும். எங்கள் பிள்ளைகள் விழுவது எழுத்தில். தினமும் ஒரு பக்கம் எழுதி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சிவப்புப் பேனாவைக் கொடுங்கள்.

மாஸ்டர்ஸா, நேரே பிஎச்.டி.யா?

அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்தோடு நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், இது பலருக்குத் தெரியாது. பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வேலை தந்து, கல்விக் கட்டணத்தையும் கழித்து, மாதச் சம்பளமும் தருவார்கள். மாஸ்டர்ஸ் மாணவருக்கு அது அபூர்வம். ஆகவே வீட்டில் காசில்லாத, ஆராய்ச்சியில் உண்மையான விருப்பமுள்ள பிள்ளைக்கு பிஎச்.டி.தான் மலிவான வழி. ஆனால் 5 வருடம் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டுகிற பொறுமை வேண்டும், காசுக்காக மட்டும் அதற்குள் போன இரண்டு பேர் நடுவில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஜேர்மனியில் பொதுவாக மாஸ்டர்ஸ் முடித்த பிறகே பிஎச்.டி.

எஸ்.ஓ.பி.யில் (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதும் விண்ணப்பக் கட்டுரையில்) என்ன எழுதுவது? எழுத எதுவுமே இல்லை.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது, ஏனென்றால் கேட்கிற பிள்ளைகளிடம்தான் நிறைய இருக்கிறது.

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி தன் எஸ்.ஓ.பி.யை அனுப்பினாள். முதல் வரி: "சிறுவயது முதலே எனக்கு இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்." இரண்டு பக்கமும் அப்படியே. வாசித்துவிட்டு அப்பா என்ன வேலை என்று கேட்டேன். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். எப்படி ஓடவிட்டார் என்று கேட்டேன், அவள் சொல்லிக்கொண்டே போனாள்: குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும், அதற்கு சிலிண்டர் ஹெட்டின் கீழே கஸ்கெட்டை இரட்டிப்பாகப் போட்டு அமுக்கத்தைக் குறைப்பார், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், பிளக்கில் கரி பிடிக்கும், அரத்தாளால் தேய்க்க வேண்டும். அப்பா அதை ஒக்டேன் எண் என்றோ அமுக்க விகிதம் என்றோ சொன்னதில்லை, அவள்தான் கம்பஸில் இரண்டாம் வருடம் உள்ளெரி எஞ்சின் பாடத்தில் இருந்தபோது, வீட்டில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் பலகையில் வருவதைப் பார்த்தாள். அவளுடைய இறுதி வருடத் திட்டம் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வகை ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில், பாவித்த தேங்காயெண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை ஓடவிட்டு அளந்தது. இதில் ஒரு சொல் கூட முதல் எஸ்.ஓ.பி.யில் இல்லை.

திரும்ப எழுதினாள். அப்பாவின் கராஜுக்கு ஒரு பந்தி, வகுப்பில் விளங்கிய இடத்துக்கு இரண்டு வரி, திட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம்: என்ன அளந்தாள், எந்த அளவீடு சரிவரவில்லை, ஏன் என்று நினைக்கிறாள், அடுத்து என்ன செய்து பார்க்க விரும்புகிறாள். கடைசியில் எந்தப் பேராசிரியரின் எந்த ஆய்வோடு அது சேரும் என்று ஒரு பந்தி. அமெரிக்காவில் எரிதல் ஆய்வுகூடம் ஒன்றில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

கவனியுங்கள், அப்பாவின் கதை ஒரு பந்திதான். கஷ்டத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினால் வாசிக்கிறவர் இரங்குவார், ஆய்வுகூடத்தில் இடம் கொடுக்க அது போதாது. அவர் தேடுவது உங்கள் கையும் மூளையும் ஒன்றாக வேலை செய்த ஒரு இடம்.

எனக்கு அப்படிக் கதை இல்லை. எந்தத் துறையை எடுப்பது?

சுற்றிப் பாருங்கள். மன்னார்த் தீவில் தம்பபவனி காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். கடற்காற்றில் உப்பு அவற்றின் இறக்கையை என்ன செய்யும் என்பது பொருட்களின் இயல்பும் பாய்மவியலும். பளையிலும் காற்றாலை நிற்கிறது. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற இயந்திரங்கள் மண்ணை எப்படிக் கிண்டுகின்றன, எங்கே தவறவிடுகின்றன என்பது இயக்கவியலும் கட்டுப்பாடும். செயற்கைக் கால் போட்டு வயலுக்கு இறங்குகிற எத்தனையோ பேர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், சேற்றில் அந்தப் பாதமும் மூட்டும் எப்படி உழைக்கின்றன என்று இங்கே பிறந்த ஒருவர் கேட்பது மாதிரி வேறு ஆர் கேட்பார்? நெல் அறுவடை மெசின், உலர்த்தி, அரிசி மில், தண்ணீர் இறைக்கிற பம்ப் எல்லாம் கேள்விகள்தான். இவற்றில் ஒன்றை மூன்று மாதம் கிட்டப் போய்ப் பாருங்கள், அளவெடுங்கள், எழுதி வையுங்கள்.

பேராசிரியருக்கு எப்படி மின்னஞ்சல் அனுப்புவது?

ஒரே கடிதத்தை 100 பேருக்கு அனுப்பாதீர்கள். 10 பேரைத் தெரிந்து, ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையையாவது உண்மையாக வாசித்து, ஏழெட்டு வரியில் எழுதுங்கள்: நான் இன்னார், இன்ன திட்டம் செய்தேன், உங்கள் கட்டுரையில் இந்த இடம் என் வேலையோடு இப்படித் தொடுகிறது, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா. ட்ரான்ஸ்கிரிப்டும் தகைமைக் குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்க பிஎச்.டி.க்கும் ஜப்பானுக்கும் இது முக்கியம், ஜேர்மன் மாஸ்டர்ஸுக்குத் தேவையில்லை.

சிபாரிசுக் கடிதம் ஆரிடம் வாங்குவது?

பெரிய பதவியில் இருக்கிறவரை விட உங்களைத் தெரிந்தவர். அமெரிக்காவுக்கு மூன்று, ஜேர்மனிக்குக் கேட்டால் இரண்டு. திட்ட மேற்பார்வையாளர் கட்டாயம். குறைந்தது ஒன்றரை மாதம் முதலே நேரே போய்க் கேளுங்கள், உங்கள் திட்ட அறிக்கை, ட்ரான்ஸ்கிரிப்ட், விண்ணப்பிக்கிற இடங்களின் தேதிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கடித உறையில் கையில் கொடுங்கள். "நீயே எழுதிக் கொண்டு வா, கையொப்பம் வைக்கிறேன்" என்று சொன்னால் பணிவாக, "சேர், நான் செய்தவற்றைக் குறிப்பாக எழுதித் தாறன், கடிதம் நீங்களே எழுதினால் பெரிய உதவி" என்று கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருந்துதான் அவர் அதை ஏற்ற வேண்டும்.

காசு?

ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்கு உண்டு: பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ எடுக்கிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கிய கணக்கில் காட்ட வேண்டும், 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்தக் காசு உங்களுடையதுதான், மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் முதலில் முழுவதையும் வைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அது எவ்வளவு பெரிய மலை என்று எனக்குத் தெரியும். என் பெரியம்மாவின் மகனும் இரண்டு சித்தப்பாமாரும் சேர்ந்துதான் எனக்கு வைத்தார்கள், அதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்து, வேலை கிடைத்த பிறகு ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தேன். உறவுக்குள் என்றாலும் எழுதி வையுங்கள். காணியை ஈடு வைப்பதை மட்டும் கடைசி வரை தள்ளிப் போடுங்கள்.

விண்ணப்பச் செலவு வேறு. ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, பிறகு ஒவ்வொன்றுக்கும் 30. அமெரிக்காவில் ஒவ்வொரு இடமும் தனித்தனியே எடுக்கும், கட்டண விலக்கு உண்டா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள், சில இடங்களில் தருகிறார்கள்.

புலமைப்பரிசில்களில் ஜப்பானின் மெக்ஸ்ட், அமெரிக்காவின் புல்பிரைட், ஜேர்மனியின் டி.ஏ.ஏ.டி., ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், பிரித்தானியாவின் கொமன்வெல்த், கொரிய அரசின் ஜி.கே.எஸ். எல்லாவற்றுக்கும் இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கலாம். மெக்ஸ்ட்டுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை, தெரிவானால் விமானச் சீட்டும் அவர்கள் பொறுப்பு. தாய்லாந்தில் உள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்தையும் மறக்காதீர்கள், இலங்கையர் பலர் அங்கே படித்திருக்கிறார்கள்.

ஏஜென்சியிடம் கொடுக்கலாமா?

வேண்டாம். மாஸ்டர்ஸ், பிஎச்.டி. விண்ணப்பத்தில் நீங்கள் செய்ய முடியாதது எதையும் அவர்கள் செய்வதில்லை. தங்களுக்குத் தரகு தருகிற கல்லூரிகளைத்தான் பலர் காட்டுவார்கள். போலி வங்கிக் கூற்றோ போலி வேலைக் கடிதமோ செய்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் எழும்பி வாருங்கள், பிடிபட்டால் விசா கதவு பல வருடத்துக்கு மூடும்.

வெளிநாடு போகாமல் இங்கேயே செய்யலாமா?

தாராளமாக. பேராதனையிலும் மொரட்டுவையிலும் ஆய்வு மூலமான முதுமாணி, எம்.பில். உண்டு. உதவித்தொகையோடு ஆய்வு உதவியாளர் வேலை வந்தால் இரண்டு வருடத்தில் ஒரு நல்ல கட்டுரை எழுதலாம், அது பிறகு வெளிநாட்டு பிஎச்.டி.க்குப் பெரிய பலம். அம்மாவைத் தனியே விட முடியாத பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பெண் பிள்ளை, இயந்திரப் பொறியியல், தனியே வெளிநாடு. வீட்டில் விடுகிறார்கள் இல்லை.

அம்மா அப்பாவை அங்கே படிக்கிற ஒரு அக்காவோடு காணொளியில் பேச விடுங்கள். தங்கும் அறை, சமையல், பஸ், இரவு எத்தனை மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து வருவாய் என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் அந்த அக்கா பதில் சொல்லட்டும். என் அனுபவத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, நாங்கள் ஆறு மாதம் வாதாடியதை விடக் கூட வேலை செய்தது.

உதவித்தொகையோடு இடம் கிடைத்தது, ஆனால் வேறு இடத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். உடனே முடிவு சொல்ல வேண்டுமா?

அமெரிக்காவில் பெரும்பாலான பட்டதாரிப் பள்ளிகள், உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தர உடன்பட்டிருக்கின்றன. அது வரை அமைதியாக யோசியுங்கள். ஆனால் போகப் போவதில்லை என்று தீர்மானித்த இடத்துக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை இருக்கும்.

எல்லா இடத்திலும் இல்லை என்று வந்துவிட்டது.

ஒரு கிழமை கவலைப்படுங்கள், அப்புறம் கடதாசிகளை எடுத்து வைத்துப் பாருங்கள். எத்தனை இடத்துக்குப் போட்டீர்கள், எல்லாமே உச்சியில் இருக்கிற பல்கலைக்கழகங்களா, எஸ்.ஓ.பி. எல்லா இடத்துக்கும் ஒன்றேயா, பேராசிரியர் எவருக்காவது எழுதினீர்களா? அடுத்த சுற்றுக்கு 8 இடம் எடுங்கள்: இரண்டு எட்டாத உயரம், நான்கு பொருத்தமானவை, இரண்டு நிச்சயம் கிடைக்கக்கூடியவை. நடுவில் வருகிற பத்து மாதத்தில் திட்ட வேலையை ஒரு மாநாட்டுக் கட்டுரையாக்கப் பாருங்கள், மேற்பார்வையாளரிடம் போனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். ட்ரான்ஸ்கிரிப்ட் ஐந்து எடுத்து வைத்தவர்களுக்கு இரண்டு மீதி இருக்கும், அதை மழை படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள், கார்த்திகையில் திரும்பத் தேவைப்படும்.